அறியாக் கனி

உடல் உள்ள வரையில் உணவு வேண்டும். உணவு உள்ள வரையில் அதைப் பற்றிய அறக்கேள்வியும் உண்டு. எதை உண்பது, எப்பொழுது உண்பது, எவ்வளவு உண்பது என்னும் மூன்று வினாக்களுக்கும் நம் முன்னோர் விடை வகுத்துச் சென்றனர். புலாலை நீக்கினர், தேனை விலக்கினர், கதிரவன் மறைந்தபின் உண்ணுதலைத் தவிர்த்தனர், நீரை வடிகட்டிப் பருகினர். நம் இல்லத்துக் குழந்தைகள் எழுத்தறியும் முன்பே அறியும் பாடங்கள் இவை. ஆயினும் முன்னோர் கண்டிராத பண்டங்கள் இன்று நாள்தோறும் நம் வாயிலுக்கு வந்தவண்ணம் இருக்கின்றன. அவற்றுள் ஒன்றைப் பற்றி இங்குச் சிந்திக்க விழைகிறோம்.

பழங்களையும் காய்கறிகளையும் கூழாக்கி, ஒன்றாகக் கலந்து, உறைய வைத்து, செவ்வகத் துண்டுகளாக மேலுறையிட்டு விற்கும் தின்பண்டங்களை நகரத்துக் கடைகளில் காண்கிறோம். சில குச்சியில் செருகப்பட்டவை, சில வெறுங்கட்டிகள். உறைபழக் கட்டி என இங்கு அவற்றைக் குறிப்போம். மிட்டாய்க்கும் பொரித்த தின்பண்டங்களுக்கும் மாற்றாக, சத்துள்ள சிற்றுணவு என்று சொல்லி இவை விற்கப்படுகின்றன. அச்சொல் எவ்வளவு மெய்? மெய்யெனின், அத்துடன் நம் கடமை முடிந்துவிடுகிறதா?

ஒரு கோடை நிகழ்ச்சி

செஞ்சிப் பகுதியில் உள்ள ஒரு சிற்றூரில், நமக்கு நெருங்கிய ஓர் இல்லத்தில் நிகழ்ந்ததை முதலில் கூறுவோம். சென்னையில் பணிபுரியும் மகனும் மருமகளும் எட்டு வயதுப் பிள்ளையுடன் கோடை விடுமுறைக்கு வந்திருந்தனர். வரும்பொழுதே பனிக்கட்டி நிரப்பிய பெட்டியொன்றில் உறைபழக் கட்டிகளையும் கொண்டு வந்தனர். பிள்ளை காய்கறியைத் தொடுவதில்லை; இவ்வடிவிலாவது சிறிது உள்ளே போகட்டும் என்பது தாயின் எண்ணம்.

பிள்ளையின் கையிலிருந்ததைக் கண்ட பாட்டி, "இது என்ன பழம், கண்ணு?" என்று கேட்டார்.

"எல்லாப் பழமும், பாட்டி."

"எல்லாப் பழமும் என்றால், எந்தப் பழம்?"

பிள்ளைக்கு விடை தெரியவில்லை. பாட்டி மருமகள் பக்கம் திரும்பினார். "பனியில் போட்டு மாதக்கணக்கில் வைத்தது அம்மா இது. இதில் சத்து ஏது? சக்கைதான் மிச்சம்."

"இல்லை, அத்தை. பச்சைப் புள்ளி போட்டிருக்கிறது, பாருங்கள். பழமும் காயும்தான், வேறொன்றும் இல்லை" என்றார் மருமகள்.

ஓய்வுபெற்ற ஆசிரியராகிய தாத்தா, உருப்பெருக்குக் கண்ணாடியை எடுத்துவரச் செய்து, மேலுறையின் பின்புறத்துச் சிற்றெழுத்துகளை ஒவ்வொன்றாக வாசித்தார். மாம்பழக் கூழ், நீர், சர்க்கரை, கேரட் கூழ், செறிவூட்டிய ஆப்பிள் சாறு, உலர்ந்த அத்திப்பழம், தேன். அவ்விறுதிச் சொல்லில் அவர் குரல் நின்றது. அவ்வில்லத்தில் மூன்று தலைமுறையாகத் தேன் புகுந்ததில்லை.

மருமகளின் முகம் வாடிற்று. அன்பினால் வாங்கியது, உழைத்து ஈட்டிய பொருளில் வாங்கியது. யாரும் ஒன்றும் பேசவில்லை. பாதி தின்ற கட்டி கையில் உருகிக்கொண்டிருக்க, பிள்ளைதான் கேட்டான்: "அப்படியென்றால் நான் பாவம் செய்துவிட்டேனா, தாத்தா?"

அவ்வினாவே இக்கட்டுரைக்குக் காரணமாயிற்று. அதற்கு விடை காணுமுன், அவ்விருவர் கூற்றுகளையும் தனித்தனியே ஆராய வேண்டும். உறைந்த பண்டத்தில் சத்தில்லை என்றார் மாமியார்; பச்சைப் புள்ளி இருந்தால் போதும் என்றார் மருமகள். இரண்டும் நம் இல்லங்களில் அன்றாடம் ஒலிப்பவையே.

குளிர் சத்தைக் கொல்லுமா?

விரைந்து உறைய வைக்கும் முறையை வணிகத்திற்குக் கொணர்ந்தவர் அமெரிக்கரான கிளாரன்ஸ் பேர்ட்ஸ்ஐ. 1912ஆம் ஆண்டு கனடாவின் லாப்ரடார் பகுதிக்குச் சென்ற அவர், அங்குள்ள மக்கள் பிடித்த மீன் கடுங்காற்றில் நொடிப்பொழுதில் உறைவதையும், திங்கள் பல கழித்துச் சமைத்தாலும் புதியதுபோல் இருப்பதையும் கண்டார். மெல்ல உறையும்பொழுது பெரிய பனிப்படிகங்கள் தோன்றித் திசுக்களைக் கிழிக்கின்றன. விரைந்து உறைந்தால் படிகங்கள் சிறியனவாகித் திசுக்கள் பெரிதும் சிதையாமல் நிற்கின்றன. இந்த உண்மையின் மீது எழுந்த தொழிலின் பண்டங்கள், 1930ஆம் ஆண்டு மாசசூசெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டு நகரக் கடைகளில் முதன்முதலாக மக்களுக்கு விற்கப்பட்டன. மீனும் இறைச்சியும் மட்டுமன்றி, பட்டாணியும் கீரையும் பழங்களும் அவற்றுள் இருந்தன. கொலையில் தொடங்கிய ஒரு நுட்பம் காய்கனிக்கும் பயன்பட்டது. ஒரு கருவி பிறந்த இடத்தைக் கொண்டே அதன் தன்மையை முடிவு செய்தல் ஆகாது.

உணவியல் கூறுவது யாது? சுழியத்துக்குக் கீழ் 18 பாகை செல்சியசில் நுண்ணுயிர்கள் பெருகுவதில்லை. பண்டத்தைக் கெடுக்கும் நொதிகளின் வேலை மிகவும் மந்தமாகிறது. பறித்த சில மணி நேரத்திற்குள் உறைய வைத்த காயில் நார்ச்சத்தும் தாது உப்புகளும் ஏறக்குறைய அப்படியே நிற்கின்றன. கேரட்டுக்கும் மாம்பழத்துக்கும் நிறம் தருவதும், உடலில் வைட்டமின் ஏ ஆக மாறுவதுமாகிய பீட்டா கரோட்டினும் பெரும்பாலும் நிலைக்கிறது. இழப்பு சிறிதும் இல்லை என்பதன்று. உறைய வைக்குமுன் காய்கறிகளைச் சிறிது நேரம் கொதிநீரில் அமிழ்த்தி எடுப்பது வழக்கம். அப்பொழுது நீரில் கரையும் வைட்டமின் சி, ஃபோலேட் ஆகியவற்றுள் ஒரு பகுதி போய்விடுகிறது. பழங்களை இவ்வாறு அமிழ்த்துவது பெரும்பாலும் இல்லை.

மறுபுறத்தையும் காண வேண்டும். பறித்த கீரை வெயிலில் லாரியேறி, சந்தையில் ஒரு நாள் கிடந்து, வீட்டில் மறுநாள் வதங்கும்பொழுது, அதன் வைட்டமின் சி நாளுக்கு நாள் குறைகிறது. நான்கு நாள் பழகிய 'பசுங்'கீரையைவிட, பறித்தவுடன் உறைந்த கீரை சத்து மிக்கதாக இருத்தல் கூடும். தோட்டத்தில் காலையில் பறித்து நண்பகலில் சமைப்பதற்கு ஈடில்லை. ஆனால் அந்தப் பேறு நகரத்தில் வாழ்வோர் எத்தனை பேருக்கு வாய்க்கிறது?

ஆகவே, "உறைந்ததில் சத்து ஏது?" என்னும் கூற்று பொருந்தாது. இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறோம்? நம் ஒழுக்கத்தைக் காக்க வேண்டும் என்னும் ஆர்வத்தில், மெய்யல்லாததையும் துணைக்கழைக்கும் பழக்கம் நம்மிடையே உண்டு. கொல்லாமை முதல் விரதமாயின், வாய்மை அடுத்த விரதம். ஒன்றைக் காப்பதற்கு மற்றொன்றைக் கைவிடலாகாது. மேலும், பெரியோர் கூறிய ஒன்று பொய்யென்று பள்ளியில் கற்ற பிள்ளை, அவர்கள் கூறும் மற்ற யாவற்றையும் ஐயுறத் தொடங்குவான்.

பழம் வேறு, பழத்தின் இனிப்பு வேறு

குளிர் குற்றமற்றதாயினும், கட்டி முழுவதும் குற்றமற்றதாகிவிடாது. பழத்தை முழுதாகக் கடித்துத் தின்னும்பொழுது அதன் இனிப்பு நாரோடு கலந்து, மெல்ல மெல்ல உடலில் சேர்கிறது. சாறாகப் பிழிந்தால் நாரில் பெரும்பகுதி நீங்கிவிடுகிறது. அச்சாற்றைச் செறிவூட்டினால் எஞ்சுவது ஏறக்குறைய சர்க்கரைப் பாகே. 2015ஆம் ஆண்டு உலக நலவாழ்வு நிறுவனம் வெளியிட்ட நெறிமுறை, உணவில் சேர்க்கும் சர்க்கரையோடு தேன், பழச்சாறு, செறிவூட்டிய பழச்சாறு ஆகியவற்றின் இனிப்பையும் ஒரே கணக்கில் வைத்தது. அத்தகைய இனிப்பு, ஒருவர் உணவால் பெறும் ஆற்றலில் பத்தில் ஒரு பங்குக்குக் குறைவாக இருத்தல் வேண்டும். இருபதில் ஒரு பங்குக்குக் குறைவாயின் இன்னும் நன்று என்றது. பின்னையது, வளர்ந்த ஒருவருக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 25 கிராம்; அதாவது ஆறு தேக்கரண்டி. குழந்தைக்கு அதனினும் குறைவு.

தாத்தா வாசித்த மேலுறையின் கணக்கைப் பார்ப்போம். ஒரு கட்டியின் எடை 70 கிராம். 100 கிராமில் சேர்த்த சர்க்கரை 14 கிராம் என்றிருந்தது. ஆகவே ஒரு கட்டியில் ஏறத்தாழ 10 கிராம், இரண்டரைத் தேக்கரண்டி. பிள்ளை நாளொன்றுக்கு இரண்டு தின்றால் ஐந்து தேக்கரண்டி. நார்ச்சத்தோ ஒரு கட்டியில் ஒரு கிராம்தான். அவ்வில்லத்துக் கொல்லையில் காய்த்துத் தொங்கும் கொய்யா 100 கிராமில் நார்ச்சத்து 5 கிராமுக்குக் குறையாது; வைட்டமின் சி ஏறத்தாழ 200 மில்லிகிராம்.

மேலுறையில் சேர்பொருள்களை எடையின் இறங்குவரிசையில் எழுத வேண்டும் என்பது விதி. சர்க்கரை மூன்றாம் இடத்திலும் கேரட் அதற்குப் பின்னும் வருமாயின், பிள்ளை தின்றது காய்கறியினும் மிகுதியாகச் சர்க்கரையே. முன்புறத்தில் கேரட்டின் படம் பெரிதாக இருப்பதால் இவ்வரிசை மாறிவிடாது. காய்கனிகள் நாளொன்றுக்கு 400 கிராமேனும் வேண்டும் என்பது அந்நிறுவனத்தின் மற்றோர் அறிவுரை. அதை இத்தகைய கட்டிகளால் நிறைவு செய்ய முயல்வது, கடலை மிட்டாய் தின்று கடலை உண்டோம் என்று மகிழ்வது போன்றது. நம் வீட்டு எள்ளுருண்டையிலும் பொரிவிளங்காயிலும் வெல்லம் உண்டே எனின், உண்டுதான், வெல்லமும் இனிப்பே. ஆனால் அதில் எவ்வளவு வெல்லம் இட்டோம் என்பது இட்ட கைக்குத் தெரியும்.

பச்சைப் புள்ளியின் எல்லை

இனி மருமகளின் கூற்றுக்கு வருவோம். சைவ உணவுக்குப் பச்சைப் புள்ளி என்பது நம் நாட்டில் இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த நல்லதொரு ஏற்பாடு. வேறு நாடுகளில் வாழும் நம் குடும்பத்தாருக்கே அதன் அருமை தெரியும். அமெரிக்காவில், ஒருவகைப் பூச்சியிலிருந்து எடுக்கும் செந்நிறச் சாயத்தைப் பெயர் சொல்லாமல் 'நிறம் சேர்க்கப்பட்டது' என்று மட்டும் எழுதும் வழக்கம் இருந்தது. 2011ஆம் ஆண்டு முதல்தான் பெயர் குறித்தல் கட்டாயமாயிற்று. ஐரோப்பாவில் அதுவே ஈ120 என்னும் எண்ணாகவும் வரும். விலங்கின் எலும்பிலிருந்தும் தோலிலிருந்தும் எடுக்கும் ஜெலட்டின், உறைந்த இனிப்புகளைக் கெட்டிப்படுத்தப் பயன்படுகிறது. புள்ளி இல்லாத நாட்டில் ஒவ்வொரு சொல்லையும் வாசித்தே அறிய வேண்டும்.

ஆனால் அப்புள்ளி சிராவக ஒழுக்கத்தை அளந்து இட்ட புள்ளி அன்று. 2020ஆம் ஆண்டின் உணவுக் குறியீட்டு விதிகள் அசைவம் என்பதை வரையறுக்கும்பொழுது பால், பால்பொருள்களுடன் தேன், தேன்மெழுகு, அரக்கு ஆகியவற்றையும் விலக்கியே வைத்துள்ளன. ஆகவே, தேன் கலந்த பண்டமும் பச்சைப் புள்ளி பெறும். அது விதியின் பிழையன்று. நாட்டில் உள்ள சைவ உணவினர் பலருக்குத் தேன் உடன்பாடே. நமக்கோ மது, மாமிசம், தேன் மூன்றும் ஒருசேர விலக்கப்பட்டவை. தேனீக்கள் தம் குஞ்சுகளுக்கும் தமக்குமாகச் சேர்த்து வைத்ததை, கூட்டைக் கலைத்துக் கவர்வதில் உள்ள வன்முறையை நம் ஆசாரியர்கள் நுணுகி உணர்ந்தனர்.

அத்திப்பழமும் அவ்வாறே. ஆல், அரசு, அத்தி முதலிய ஐவகைக் கனிகளை விலக்குதலை இல்லறத்தாரின் மூலகுணங்களுள் வைத்து எண்ணிய ஆசிரியர்கள் உண்டு. அத்தியின் பூக்கள் காய்க்குள்ளேயே மலர்கின்றன. சிறு குளவிகள் உட்புகுந்து மகரந்தம் சேர்க்கின்றன. அவற்றுள் பல அங்கேயே மடிகின்றன என்று தாவரவியலார் விளக்குகின்றனர். சந்தையில் உள்ள சீமையத்தி வகைகளுள் குளவியின் துணையின்றிக் காய்ப்பனவும் உண்டு. ஆனால் மேலுறை அதைச் சொல்வதில்லை. கேரட்டும் நிலத்தடியில் விளைவது. கிழங்கு வகைகளை விலக்கியோர்க்கு அதுவும் ஆகாது. உறைந்த நீரையே விலக்கும் விரதம் பூண்டோர்க்கு இக்கேள்வியே எழுவதில்லை. அவரவர் ஏற்ற விரதத்தின் அளவு வேறு. அரசு இடும் ஒரு புள்ளி அத்தனையையும் காட்டும் என எதிர்பார்த்தல் நம் பிழையே.

அறியாக் கனி

விலக்கத்தக்க உணவுகள் என நம் மரபு தொகுத்த இருபத்திரண்டனுள் ஒன்று நெஞ்சைத் தொடுவது. அறியாக் கனி என்பது அது. பெயரும் தன்மையும் அறியாத பழத்தை உண்ணற்க என்பது கட்டளை. அது நஞ்சு என்று தெரிந்ததால் விலக்கவில்லை. தெரியாது என்பதே விலக்கக் காரணம்.

சமணக் கதை மரபில் வங்கசூலன் என்னும் கள்வர் தலைவன் ஒருவன் வருகிறான். துறவி ஒருவரிடம் அவன் ஏற்ற எளிய விரதங்களுள் ஒன்று, பெயர் அறியாத கனியை உண்பதில்லை என்பது. காட்டில் பசியால் வாடிய அவன் கூட்டத்தார், காண அழகிய கனிகளைக் கொணர்ந்தனர். "இதன் பெயர் யாது?" என்றான், ஒருவருக்கும் தெரியவில்லை. அவன் உண்ணாது பொறுத்தான். உண்டவர் மாண்டனர், அவன் பிழைத்தான். கொள்ளையடிப்பவனுக்கும் கைகூடும் அளவுக்கு எளிய விரதம் அது: கேட்டபின் உண்பது.

செஞ்சியில் அந்தப் பாட்டி கேட்டதும் அதே கேள்விதான். "எல்லாப் பழமும் என்றால், எந்தப் பழம்?" சத்தைப் பற்றிய அவர் கருத்துப் பிழையாயினும், அவர் எழுப்பிய வினா மிகச் சரியானது. மருமகள் குளிரைப் பற்றி ஐயுறாதது சரி. புள்ளியை நம்பி வினாவையே விட்டதுதான் குறை. ஒரு பொருளைப் பல நோக்கில் கண்டு, ஒவ்வொரு நோக்கிலும் உள்ள உண்மையை அவ்வளவில் ஏற்க வேண்டும் என்னும் அநேகாந்தம் ஏட்டில் மட்டும் கிடக்க வேண்டியதன்று. உறைபழக் கட்டி, குளிரைக் கருதின் நல்லதே. சர்க்கரையைக் கருதின் அளவோடு கொள்ளத்தக்கது. தேனைக் கருதின் நமக்கு ஆகாதது. மூன்றும் ஒரே கட்டியைப் பற்றிய மெய்களே.

தத்துவார்த்த சூத்திரம் இம்சையை வரையறுக்கும்பொழுது, உயிர்க்கு நேரும் கேட்டோடு 'பிரமாதம்' என்பதையும் சேர்த்தே கூறுகிறது. இன்று பேச்சு வழக்கில் பாராட்டுச் சொல்லாகிவிட்ட அச்சொல்லுக்கு அங்குச் சோர்வு, கவனமின்மை என்பதே பொருள். திருக்குறளில் பொச்சாவாமை என ஓர் அதிகாரமே இதற்கு உண்டு. உறையிட்ட பண்டத்தின் பெரிய கவர்ச்சி, கவனிக்கும் வேலையை நம்மிடமிருந்து எடுத்துக்கொள்கிறோம் என்று அது சொல்வதே. கழுவ வேண்டாம், நறுக்க வேண்டாம், புழு இருக்கிறதா எனப் பிட்டுப் பார்க்க வேண்டாம். அத்திப்பழத்தைப் பிட்டுப் பார்க்கச் சொல்லும் பழமொழி நம் ஊர்களில் உண்டு. கூழாகி உறைந்த அத்தியை எங்கே பிட்டுப் பார்ப்பது? அங்குப் பிட்டுப் பார்ப்பதற்கு ஈடாக நமக்கு எஞ்சியிருப்பது வாசித்துப் பார்ப்பது ஒன்றே. ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024ஆம் ஆண்டு வெளியிட்ட பதினேழு உணவு நெறிகளுள் இறுதி நெறியும் மேலுறையை வாசித்தறிக என்பதுதான். மரபும் அறிவியலும் இவ்விடத்தில் கைகோத்து நிற்கின்றன.

இல்லத்தார் செய்யத்தக்கது

இவ்வாசிப்பை மருமகள்களின் தலையில் மட்டும் சுமத்துதல் அறமாகாது. காலையில் சமைத்து, பகலில் பணிசெய்து, மாலையில் பிள்ளைக்குச் சிற்றுணவு தேடும் பெண், கடையில் நின்று சிற்றெழுத்தை வாசிக்க எத்தனை நிமிடம் பெறுகிறாள்? கேட்பது பாட்டியின் கடமையெனில், வாசிப்பது தந்தையின் கடமையாகட்டும். எழுத்தறிந்த பிள்ளையின் கடமையாகவும் ஆகட்டும். ஒருமுறை வாசித்தறிந்ததை உறவினருக்கும் சொல்லட்டும். தானங்கள் நான்கனுள் உணவும் ஒன்று, அறிவும் ஒன்று. பிள்ளைக்கு உணவூட்டும்பொழுது அதைப் பற்றிய அறிவையும் ஊட்டினால் இரண்டும் ஒருங்கே நிறைவேறும்.

அன்று தாத்தா கூறிய விடையோடு இதை நிறைவு செய்வோம். பிள்ளையை அருகில் அமர்த்தி அவர் கூறினார்: "நீ தெரியாமல் தின்றாய், அது உன் குற்றமில்லை, கண்ணு. உன் அம்மா உன் நன்மைக்காக வாங்கினாள். அவளையும் குறை சொல்லக்கூடாது. பார்த்தால் தெரியும் என்று இருந்தும், இந்த வீட்டில் ஒருவரும் பார்க்கவில்லை. அது எங்கள் எல்லோருடைய சோர்வு. இனிமேல் நீ வாசித்துச் சொல், நான் கேட்கிறேன்."

உருப்பெருக்குக் கண்ணாடி பிள்ளையின் கைக்கு மாறிற்று. எஞ்சிய கட்டிகளை என்ன செய்வது என்று மாமியாரும் மருமகளும் சிறிது நேரம் வாதிட்டனர். இனி வாங்குவதில்லை என்பதில் மட்டும் இருவரும் ஒன்றுபட்டனர். மாலையில், கதிரவன் சாயுமுன், கொல்லைக் கொய்யாவை மருமகள் நறுக்க, பிள்ளை ஒரு துண்டை எடுத்துக் கண்ணாடியை வைத்து உற்று நோக்கி, "இதில் எழுத்து ஒன்றும் இல்லையே, பாட்டி?" என்றானாம்.

"இது என்ன பழம் என்று கேள், சொல்கிறேன்" என்றாராம் பாட்டி.